சின்னத்துரை படித்த பள்ளிக்கூடம்

மலையகத் தோட்டங்களின் அதிகார ஏணியைப் பற்றி எழுதுவோர் பெரியதுரையில் தொடங்கி, சின்னத்துரை, கிளாக்கர், டீமேக்கர், கண்டக்டர், கணக்கப்பிள்ளை, கங்காணி என ஒவ்வொரு படியாக இறங்கி, தொழிலாளியில் வந்து முடிப்பது வழக்கம். இந்த ஏணியில் இடம்பெறாத ஒருவரும் தோட்டத்தில் இருந்தார். அவர் துரையின் பங்களாவில் தங்கினார். துரையின் மேசையில் உண்டார். காலைப் பெரட்டுக்குத் துரையின் பின்னால் நின்றார். ஆனால் அவருக்குச் சம்பளம் கிடையாது. பல சந்தர்ப்பங்களில் அவருடைய குடும்பமே அவரது பயிற்சிக்கென்று பெரியதுரைக்குப் பணம் கட்டியது. தோட்டத் துரைமாரின் பேச்சுவழக்கில் அவருக்குப் பெயர் ‘கிரீப்பர்’. கொடியைப் போலப் பற்றிப் படர்பவன் என்றும் கொள்ளலாம், நடக்கத் தெரியாமல் தவழ்பவன் என்றும் கொள்ளலாம். இரண்டும் பொருந்தும்.

இன்றைய வழக்கில் சொல்வதானால், பெரிய கம்பனி ஒன்றுக்கு நீண்டகாலத் தொழிற்பயிற்சிக்காக வந்து சேர்ந்த மாணவன் அவன். கல்லூரிப் படிப்பை முடித்த கையோடு வருவான். ஆறு மாதம், ஓராண்டு, சில வேளைகளில் அதற்கும் கூடுதலாக ஒரே தோட்டத்தில் தங்கித் தொழில் பழகுவான். பழகி முடித்தபின் எங்காவது ஒரு தோட்டத்தில் சின்னத்துரை வேலை காலியாகும். பெரியதுரையின் சிபாரிசுக் கடிதத்தோடு அங்கே போய்ச் சேருவான். பல்கலைக்கழகமோ பட்டமோ பரீட்சை மண்டபமோ இல்லாத இந்த முறைதான் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு காலம் இலங்கைத் தேயிலைத் தொழிலுக்கு நிர்வாகிகளை உருவாக்கிக் கொடுத்தது.

இந்த மாணவனைப் பற்றித் துரைமார் தங்கள் நினைவுக் குறிப்புகளில் நிறையவே எழுதி வைத்திருக்கிறார்கள். அட்டைக்கடி, மழை, குதிரை, பின்னாளில் மோட்டார் சைக்கிள், கிளப், டென்னிஸ் எல்லாம் அவற்றில் உண்டு. அவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர் யார் என்பது மட்டும் அவற்றில் அரிதாகவே வரும்.

இலங்கைத் தேயிலையின் தந்தை என்று போற்றப்படும் ஜேம்ஸ் டெய்லரே ஓர் இளம் உதவியாளராகத்தான் இங்கு வந்து இறங்கினார். 1835இல் ஸ்கொட்லாந்தில் பிறந்தவர். 1851இல் மூன்றாண்டு ஒப்பந்தத்தில், ஆண்டுக்கு 100 பவுண் சம்பளத்தில், கோப்பித் தோட்டமொன்றில் உதவியாளராக வேலை செய்யக் கையொப்பமிட்டுக் கப்பலேறினார். 1852 பெப்ரவரியில் கொழும்பில் இறங்கியபோது அவருக்கு வயது 16. 17ஆவது பிறந்தநாளுக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. கண்டிக்குத் தெற்கே ஹேவாஹெட்டப் பகுதியிலுள்ள லூல்கந்துர தோட்டத்துக்கு அனுப்பப்பட்டார். சாகும்வரை அந்தத் தோட்டமே அவருக்கு வீடாயிற்று. வீட்டுக்கு அவர் எழுதிய கடிதங்கள் ஸ்கொட்லாந்துத் தேசிய நூலகத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன.

1867இல் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். பயிரிடுவது ஒன்று, அதைக் குடிக்கத்தக்க தூளாக்குவது வேறொன்று. பறிப்பதையும் வாட்டுவதையும் உருட்டுவதையும் இந்தியாவின் கச்சாரிலிருந்து வந்திருந்த நோபல் என்ற துரையிடம் கேட்டறிந்துகொண்டார். அதற்குமேல் அவருடைய பங்களா விறாந்தையே தொழிற்சாலையாயிற்று. மேசைகளில் பரப்பிய கொழுந்தைத் தொழிலாளர்கள் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கையால் அழுத்தி உருட்டினார்கள். களிமண் அடுப்பில் கரி நெருப்பின் மேல் கம்பித் தட்டுகளை வைத்து உலர்த்தினார்கள். உலகமெங்கும் பெயர்பெற்ற ஒரு பண்டத்தின் தொடக்ககாலப் பரிசோதனை அந்த விறாந்தையில் நடந்தது. பரிசோதகரின் பெயர் நமக்குத் தெரியும். உருட்டியவர்களின் பெயர்கள் எந்தப் பதிவேட்டிலும் எழுதப்படவில்லை.

டெய்லரின் முடிவு எப்படியிருந்தது என்பதையும் இவ்விடத்தில் சொல்லிவிட வேண்டும். 1892இல் தோட்டத்தை நடத்திய கம்பனி அவரை விலகிக்கொள்ளுமாறு பணித்தது. நாற்பதாண்டு உழைத்த மண்ணை விட்டுப் போக அவர் இணங்கவில்லை. அதே ஆண்டு மே மாதம் வயிற்றுப்போக்கு நோயால் லூல்கந்துரவிலேயே இறந்தார். பருத்த உடலினரான அவரது சடலத்தை இருபத்துநான்கு பேர் இரண்டு அணிகளாக முறைவைத்துத் தோளில் சுமந்து மலையிறங்கிக் கண்டிக்குக் கொண்டுவந்து, மஹியாவை மயானத்தில் அடக்கம் செய்தார்கள் என்பது பதிவாகியுள்ள செய்தி. கம்பனி கைவிட்ட துரையைத் தூக்கிச் சுமந்தவை தொழிலாளர்களின் தோள்கள்.

1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியைச் சில ஆண்டுகளில் அழித்தது. 1875இல் சுமார் 1,000 ஏக்கராக இருந்த தேயிலை, 1890களின் நடுப்பகுதியில் 3 இலட்சம் ஏக்கரை எட்டியது. தனியார் துரைமாரின் தோட்டங்கள் இலண்டனில் பதிவான ஸ்டேர்லிங் கம்பனிகளின் கைக்கு மாறின. கொழும்பில் ஏஜென்சி ஹவுஸ் எனப்படும் முகவர் நிறுவனங்கள் அவற்றை மேற்பார்வை செய்தன. டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவை, திம்புள்ள, நுவரெலியா என்று மலைக்கு மலை பங்களாக்கள் எழுந்தன. இத்தனை பங்களாக்களுக்கும் துரைமார் தேவைப்பட்டனர். கிரீப்பர் முறை வேரூன்றியது இந்தக் காலத்தில்தான்.

கிரீப்பரின் ஒரு நாள் எப்படிக் கழியும்? பொழுது விடியுமுன் தப்பு முழங்கும். பெரட்டுக்களத்தில் கங்காணிமார் தத்தம் ஆட்களோடு வந்து நிற்பார்கள். எந்த மலைக்கு எத்தனை பேர், யாருக்குக் கொழுந்து, யாருக்குக் கவ்வாத்து, யாருக்கு முள்ளுக்குத்து என்று வேலை பிரிக்கப்படும். கிரீப்பர் வாய்திறவாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பின்னர் மலையேற வேண்டும். கொழுந்து பறிக்கும் பெண்களின் நிரைக்குப் பின்னால் நின்று, இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்று புத்தகத்தில் சொல்லப்படுவது விரல் நுனியில் எப்படி நடக்கிறது என்று கவனிக்க வேண்டும். ஏழு முதல் பத்து நாட்களுக்கு ஒருமுறை அதே செடிக்குத் திரும்பி வராவிட்டால் கொழுந்து முற்றிவிடும். ஆளில்லை, மழை, திருவிழா என்று எது வந்தாலும் இந்தச் சுற்று தவறக்கூடாது. நிர்வாகக் கலையின் பாதி இதற்குள் அடங்கிவிடும்.

கவ்வாத்து இதைவிடக் கடினமான பாடம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செடியை வெட்டி இறக்கும்போது எந்தக் கிளையை விடுவது, எதை எடுப்பது, கத்தியை எந்தச் சாய்வில் பிடிப்பது என்பதெல்லாம் எழுத்தில் அடங்கா. வெட்டு பிசகினால் வாதில் நீர் தங்கி அழுகும்; செடி அடுத்த கவ்வாத்து வரை தாங்காது. கவ்வாத்துக்காரரின் கத்தியிடமிருந்துதான் அதைக் கற்க வேண்டும். மலையகத்தில் கவ்வாத்துசாமி என்றொரு காவல் தெய்வத்துக்கு வழிபாடு நடப்பதை அறிந்தவர்கள், அந்த வேலையைத் தொழிலாளர்கள் எவ்வளவு பயபக்தியோடு அணுகினார்கள் என்பதை உணர்வார்கள். தொழிற்சாலை இயந்திரங்களுக்கும் ரோதைமுனி என்றொரு சாமி உண்டு.

தொழிற்சாலை கிரீப்பரின் இரவுப் பள்ளி. மாலையில் வந்து சேரும் கொழுந்தை வாட்டுத் தட்டுகளில் பரப்பினால், காலநிலையைப் பொறுத்துப் பன்னிரண்டு முதல் பதினெட்டு மணிநேரம் அது வாட வேண்டும். ஆகவே அரைக்கும் வேலை பின்னிரவில் தொடங்கும். அரைத்த கொழுந்தை நொதிக்க விட்டு, செம்புநிறம் ஏறி மணம் திரும்பும் அந்தக் கணத்தில் அடுப்புக்கு அனுப்ப வேண்டும். கொஞ்சம் முந்தினால் பச்சை வாடை, கொஞ்சம் பிந்தினால் தூள் செத்துவிடும். கடிகாரமும் வெப்பமானியும் துணைக்கு இருந்தாலும் தீர்ப்புச் சொல்வது மூக்கு. ஏறக்குறைய நாலரை முதல் ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தூளாகும் இந்த வேலையில், ஒரு பிசகு என்பது ஒரு மலையின் ஒருநாள் உழைப்பு. அந்த மூக்கு டீமேக்கருடையது. கிரீப்பர் அவர் பக்கத்தில் நின்று, அவர் முகரும்போது தானும் முகர்ந்து பழகினார்.

ஆக, ஆசிரியர்கள் யாரென்பது தெளிவு. பெரியதுரை பாடத்திட்டத்தை வகுத்தார் என்று வேண்டுமானால் சொல்லலாம். பாடத்தை நடத்தியவர்கள் கங்காணியும் கவ்வாத்துக்காரரும் கொழுந்து பறிக்கும் பெண்ணும் டீமேக்கரும். கட்டணம் போய்ச் சேர்ந்ததோ பெரியதுரைக்கு.

பாடம் நடந்த மொழி தமிழ். அந்த மொழியைக் கற்காமல் துரையாக முடியாது. பல கம்பனிகளில் தமிழ்ப் பரீட்சையில் தேறினால்தான் சின்னத்துரையின் வேலை நிரந்தரமாகும். இதற்கென்றே கைநூல்கள் எழுதப்பட்டன. 19ஆம் நூற்றாண்டில் பெர்குசன் வெளியிட்ட, சின்னத்துரைக்கான சட்டைப்பைத் தமிழ் வழிகாட்டியின் பெயர் ‘இங்கே வா’. 1915இல் டபிள்யூ.ஜி.பி. வெல்ஸ் எழுதிய நூலுக்குக் ‘கூலித் தமிழ்’ என்றே பெயர். இந்த நூல்களையும் அவற்றின் பின்னணியையும் மு. நித்தியானந்தன் 2014இல் வெளியான தமது ‘கூலித் தமிழ்’ நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். மலையக வரலாற்றில் ஈடுபாடுள்ளோர் தவறாமல் படிக்க வேண்டியது அது.

‘இங்கே வா’ என்ற தலைப்பே போதும். தமிழில் ஒருவரை அழைக்க வா, வாரும், வாங்க, வாருங்கள் எனப் பல படிகள் உண்டு. தமிழ்க் குழந்தை பேசத் தொடங்கும்போதே இந்தப் படிகளையும் கற்றுக்கொள்கிறது. தாத்தாவை ‘வா’ என்றால் தாய் உடனே திருத்துவாள். கிரீப்பர் கற்ற தமிழில் இவற்றுள் கடைசிப் படி ஒன்றே இருந்தது. தன் தந்தையின் வயதொத்த கங்காணியையும், தனக்குக் கவ்வாத்துக் கற்பித்த முதியவரையும் ஒருமையில் ஏவுகின்ற தமிழ் அது. ஆசிரியரிடம் மாணவன் முதலில் கற்றுக்கொண்டது ஆசிரியரை அதட்டும் மொழியை என்பது உலகக் கல்வி வரலாற்றில் அபூர்வமான ஒன்றாகவே இருக்கும். தொழிலாளர்களும் சும்மா இருந்துவிடவில்லை. அவர்களுடைய நாட்டார் பாடல்களில் துரையும் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் படும் பாட்டை, சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டுப் பாடல்களைப் புரட்டியவர்கள் அறிவார்கள்.

தோட்ட வேலையைத் தமிழில் பாடமாக எழுதிவைக்கும் முயற்சியும் நடந்திருக்கிறது. தோட்டத்தில் உத்தியோகம் பார்த்த ஆபிரகாம் ஜோசப் 1869இல் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ என்ற நூலை வெளியிட்டார். கோப்பிப் பயிர்ச்செய்கையைக் கும்மிப் பாட்டில் சொல்லும் நூல். துரைமாரின் பக்கம் நின்று பேசுவதால் இன்றைய வாசகருக்கு அது உவப்பாக இராது. எனினும் இந்த வேலைக்கு ஒரு கல்வி உண்டு, அதைத் தமிழில் சொல்ல முடியும் என்று ஒருவர் அக்காலத்திலேயே கருதியிருக்கிறார்.

இனி அதே மலையில், அதே காலத்தில் வளர்ந்த வேறொரு பயிலுநரைப் பார்ப்போம். லயத்தில் பிறந்த பிள்ளை பிள்ளைக் காம்பராவில் வளர்ந்து, தாயின் கூடைக்குப் பின்னால் மலையேறி, நடக்கப் பழகிய நாளிலிருந்து தேயிலையோடு புழங்கியது. பத்துப் பன்னிரண்டு வயதில் அதற்குத் தெரிந்ததைக் கற்கக் கிரீப்பருக்கு ஓராண்டு வேண்டியிருந்தது. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம் 6 முதல் 10 வயது வரையான தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் துரைமார் மீது சுமத்தியது. ஒற்றை அறை, ஒற்றை ஆசிரியர். பத்து வயதோடு சட்டத்தின் அக்கறை தீர்ந்தது. அதற்குமேல் பிள்ளை பெரட்டுக்களத்துக்குப் போய்விடும்.

1927ஆம் ஆண்டின் இந்தியத் தொழிலாளர் கட்டளைச் சட்டம் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு வழிவகுத்தது. 1929இல் அது நடைமுறைக்கு வந்தபோது உயர்மலைத் தோட்டங்களில் நாளொன்றுக்கு ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம் என்று விதிக்கப்பட்டது. இந்த 32 சதத்தைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். பங்களாவில் தங்கிய இளைஞன் கற்பதற்குப் பணம் கொடுத்தான். லயத்துப் பிள்ளை பணம் பெற்றது. கணக்கின்படி பார்த்தால் பிள்ளைக்குத்தான் இலாபம்! ஆனால் பணம் கொடுத்தவனுக்கு எதிர்காலம் ஒன்று எழுதப்பட்டிருந்தது. பெற்றவனுக்குச் செக்ரோலில் ஒரு பெயர். அது சாகும்வரை அதே செக்ரோலில் இருக்கும். விதிவிலக்காகச் சிலர் கணக்கப்பிள்ளை வரை உயர்ந்தார்கள். அதற்கு மேலிருந்த கிளாக்கர், டீமேக்கர் பதவிகளுக்குப் பெரும்பாலும் வெளியிலிருந்து, குறிப்பாக யாழ்ப்பாணத்திலிருந்து, ஆங்கிலம் படித்தவர்கள் வந்தார்கள். பங்களாவின் முன்வாசல் எவருக்கும் திறக்கவில்லை.

அது திறந்தது சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில். 1948ஆம் ஆண்டின் குடிவரவு குடியகல்வுச் சட்டத்துக்குப் பின்னர் சீமையிலிருந்து புதிய இளைஞர்களை இறக்குவது சிரமமாயிற்று. இலங்கையர்மயமாக்கல் என்ற சொல் கம்பனிகளின் காதில் விழத் தொடங்கியது. றோயல் கல்லூரி, கல்கிசைப் பரி. தோமையர் கல்லூரி, கண்டி திரித்துவக் கல்லூரி போன்ற பெரிய இடத்துப் பிள்ளைகள் கிரீப்பர்களாக மலையேறினார்கள். கிரிக்கெட்டோ ரக்பியோ ஆடத் தெரிந்திருப்பது பெரிய சிபாரிசு. கிளப்புகள் மட்டும் இலேசில் இறங்கிவரவில்லை. நுவரெலியாவில் 1876இல் தொடங்கப்பட்ட ஹில் கிளப் இலங்கையரை உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ள 1960களின் பிற்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இங்கேதான் வரலாற்றின் கொடுமையான பொருத்தமொன்று இருக்கிறது. துரைமார் பதவி இலங்கையருக்கு என்று பேசத் தொடங்கிய அதே 1948இல், இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழர் இலங்கையர் அல்லர் என்று ஆக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து சி.வி. வேலுப்பிள்ளையை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், 1952இல் தமக்கென ஒருவரையும் அனுப்ப முடியாதவர்களானார்கள். தேயிலையை நன்கறிந்த சமூகம் ‘இலங்கையர்’ என்ற சொல்லிலிருந்து வெளியே தள்ளப்பட்ட வேளையில், ‘இலங்கையருக்கு’ என்று பங்களாவின் கதவு திறந்தது. மலையகக் கல்வியின் பின்னடைவைப் பற்றிய ஆய்வுகள் இவ்விரண்டையும் தனித்தனி அத்தியாயங்களாகவே பேசுகின்றன. ஒரே அத்தியாயத்தில் வைத்துப் படிக்க வேண்டியவை அவை என்பது எமது கருத்து. 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று ஒதுக்கியது. கப்பலுக்குக் காத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை எந்தப் பதவிக்குப் பயிற்சி பெறும்?

பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. 1972இன் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975இன் திருத்தமும் தோட்டங்களை அரசின் கைக்குக் கொண்டுவந்தன. ஸ்டேர்லிங் கம்பனிகள் விடைபெற்றன. அரசாங்கப் பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையும் துரைமாரை நியமித்தன. அந்நியமனங்களில் அரசியல் சிபாரிசு செல்வாக்குப் பெற்றது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதும் 1970களில்தான். நாடெங்கும் 1945இல் தொடங்கிய இலவசக் கல்வி, லயத்துப் பிள்ளையை வந்தடைய எத்தனை ஆண்டுகள் எடுத்தன என்று வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். 1979இல் தேசிய பெருந்தோட்ட முகாமைத்துவ நிறுவகத்துக்கான சட்டம் வந்தது. பெரியதுரையின் விருப்பத்தில் தங்கியிருந்த பயிற்சிக்கு வகுப்பறையும் சான்றிதழும் ஏற்பட்டன. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் 22 பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது.

நாடற்றவர் என்ற நிலை சட்டத்தில் முழுமையாக நீங்கியது 2003இல். ஒரு தலைமுறை அதற்குள் பல்கலைக்கழகம் கண்டுவிட்டது. வயம்ப பல்கலைக்கழகத்தில் விவசாய, பெருந்தோட்ட முகாமைத்துவப் பீடம் இருக்கிறது. 2005இல் பதுளையில் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது. இத்தகைய படிப்புகளின் ஓர் அங்கம் கம்பனியில் மாதக்கணக்கில் தங்கிப் பழகும் தொழிற்பயிற்சி. ‘கிரீப்பர்’ போய் ‘பயிலுநர்’ வந்திருக்கிறார். கட்டணம் வாங்கும் பெரியதுரை இல்லை. பெரட்டும் கவ்வாத்தும் இரவுத் தொழிற்சாலையும் அப்படியே இருக்கின்றன. பயிலுநரை அருகில் நிறுத்திக் காட்டிக்கொடுப்பவர்களும் அதே மக்கள்தான்.

லயத்திலிருந்து போன பிள்ளை பயிலுநராகத் தோட்டத்துக்குத் திரும்பி வருவது இன்று நடக்கக்கூடிய காரியம். அவ்வாறு வரும் பிள்ளையைப் பெரட்டுக்களத்தில் நிற்கும் தாய்மாமன் எப்படி அழைப்பார்? ‘தம்பி’ என்றா, ‘துரை’ என்றா? அந்தப் பிள்ளை அவரை ‘இங்கே வா’ என்று அழைக்குமா? பதவிப் பெயர் முகாமையாளர் என்று மாறி ஆண்டுகள் பல ஆனாலும் பேச்சில் ‘துரை’ போகவில்லை. பெரியதுரை பெரியதுரையாகவே இருக்கிறார். மலையகத்திலிருந்து ஆசிரியர்களும் மருத்துவர்களும் சட்டத்தரணிகளும் பெருகிய அளவுக்குத் துரைமார் பெருகவில்லை என்பதைத் தோட்டப் பகுதிகளில் நடமாடும் எவரும் அறிவர். படித்த பிள்ளைகள் ஹட்டனிலோ கொழும்பிலோ வேலை தேடுவதையே விரும்புகிறார்கள். தாத்தா தலைகுனிந்து நின்ற பெரட்டுக்களத்துக்கு எந்தக் கோலத்திலும் திரும்ப விரும்பாத மனத்தைக் குறைசொல்லவும் முடியாது.

கம்பனிகள் பயிலுநர் உதவி முகாமையாளர் பதவிக்குப் பத்திரிகைகளில் விளம்பரம் செய்வதுண்டு. வயது வரம்பு, க.பொ.த. உயர்தரச் சித்தி, ஆங்கில அறிவு, பாடசாலை மட்ட விளையாட்டுத் திறமை என்பன முன்னே வரும். தமிழில் பேசும் ஆற்றல், மேலதிகத் தகைமையாகக் கடைசியில் வரும்.